உடையப் போகிறவர்கள் பட்டியல்

எலும்பு ஒடிந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுகிற வேலையில், கட்டுப் போடுவதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும். யார் தப்பால் ஒடிந்தது என்று சண்டை போடுவதில்தான் மிச்சப் பொழுதெல்லாம் போகும்.

அஞ்சலை அக்காவுக்கு நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறவர். காலையில் வேலைக்குப் போகிற வழியில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி, "சொந்தக் கவனக்குறைவு" என்று புத்தகத்தில் எழுதினார். அந்த ஒரு வரியால் அக்காவின் பெயர் வேலைப் பட்டியலிலிருந்து போனது. பெயர் போனால் வேலைக்காரர்களுக்கு அளக்கிற அரிசியும் போகும். புருஷனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தான். வீட்டில் மூன்று பிள்ளைகள். கை ஒடிந்தது போதாதென்று, கை ஒடிந்ததற்காகச் சோற்றையும் நிறுத்துகிற நியாயத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நான் சிங்கப்பூரில் இரண்டு வருடம் மருத்துவம் படித்தவள். ஜப்பான் சண்டை வந்து படிப்பு நின்றது. ஈப்போவுக்குத் திரும்பினேன். ஜப்பான்காரன் நடமாடுகிற டவுனில் வயதுப் பெண்ணை வைத்திருக்க அப்பாவுக்குப் பயம். தஞ்சோங் ரம்புத்தானுக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருடைய சிநேகிதர் டிரெசராக இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது. ஊசி போடுவதிலிருந்து பிள்ளைப்பேறு வரைக்கும் டிரெசர்தான். அவருக்கு ஒத்தாசையாக என்னை அனுப்பினார் அப்பா. வாயைக் கட்டி வைத்திருக்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. மருந்தே இல்லாத ஆஸ்பத்திரியில் வாயையும் மூடிக்கொண்டு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

மரவள்ளிக்கிழங்கை அவித்தும் சுட்டும் இடித்தும் தின்று அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள்தானே நீங்களும்? பட்டினி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் அது எலும்பு வரைக்கும் போகும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? படித்தவள் என்று சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கே தெரியாது.

ஒரு முழப் பள்ளம்

ஜப்பான்காரன் வந்ததும் ஊரோடு சேர்த்துக் கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டான். எல்லாக் கடிகாரமும் டோக்கியோ நேரத்துக்கு ஓட வேண்டும் என்று உத்தரவு. உத்தரவு சூரியனுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறார்களே, தோட்டத்தில் பெரட்டு என்பார்கள், அது ஆறு மணிக்கு. டோக்கியோ ஆறு மணி நமக்குக் கும்மிருட்டு. மண்ணெண்ணெயைக் கண்ணால் பார்த்து எத்தனையோ மாதம். வேலைக்காரர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும் ஆட்கள் ஒருத்தர் முதுகை ஒருத்தர் தொட்டுக்கொண்டு நடந்து போவார்கள்.

அப்படிப் போகும்போதுதான் அஞ்சலை அக்கா கால்வாயின் மேல் போட்ட பலகையில் சறுக்கினார். கால்வாயின் ஆழம் ஒரு முழம். நானே போய் அளந்தேன். கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டு வளைந்த கரண்டி போல் ஆகிவிட்டது. டிரெசர் இழுத்து நேராக்கினார். அக்கா கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, "பேரு கூப்டுட்டாங்களா, பேரு கூப்டுட்டாங்களா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் நேரே ஆபீசுக்குப் போனேன். "நாற்பது வயதுகூட ஆகாத ஒருத்தர் ஒரு முழப் பள்ளத்தில் விழுந்தால் சிராய்க்கும், சுளுக்கும். எலும்பு இப்படி நொறுங்குகிறது என்றால் எலும்பிலேயே ஏதோ கெட்டுப் போயிருக்கிறது. இது கவனக்குறைவு இல்லை. இருட்டில் வரச் சொன்னதும் நீங்கள்தான்" என்று மூச்சு விடாமல் பேசினேன். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, கால்வா நாப்பது வருசமா அங்கதான் இருக்கு. அது நகந்து வந்து இந்தம்மா கால்ல மோதல லா."

கஞ்சிக் கட்டு

எலும்பை நேராக்கினால் போதாது. அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். அதற்கு வேண்டிய மாவுக் கட்டுத் தூள் சண்டை வந்த முதல் வருடத்திலேயே தீர்ந்துவிட்டது. டிரெசர் கெட்டிக்காரர், நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். மரவள்ளி மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, பழைய வேட்டித் துணியைக் கிழித்து அதில் முக்கி, மூங்கில் சிம்பு வைத்துச் சுற்றி வெயிலில் காய வைப்பார். காய்ந்தால் பலகை மாதிரி ஆகிவிடும். அஞ்சலை அக்காவுக்கும் அப்படித்தான் கட்டினோம். நனைக்காதீர்கள், ஆறு வாரம் அசைக்காதீர்கள், விரலை மட்டும் மடக்கி நீட்டுங்கள் என்று நான் பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வந்தார். கட்டின் ஓரம் விரல் பக்கத்தில் பிசிர் பிசிராகக் கரைந்திருந்தது. உள்ளே மூங்கில் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணியில நனைச்சீங்களா? எலி கடிச்சுதா? இப்படி விட்டா எலும்பு கோணலா ஒட்டும், தெரியுமா?" என்று சத்தம் போட்டேன். அக்கா பக்கத்தில் நின்ற கடைசிப் பெண்ணைப் பார்த்தார். மூன்று வயது இருக்கும். அது அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அக்காதான் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"திட்டாதீங்க டாக்டரம்மா. கட்டத் திங்கல அது. நான் கண்ணசந்த நேரத்துல ஓரத்த மட்டும்தான் சப்பியிருக்கு."

இருமலுக்கு ஒரு விலா

மாரிமுத்து அண்ணன் சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பி வந்த ஒன்றிரண்டு பேரில் ஒருத்தர். திரும்பி வந்ததில் பாதி ஆள்தான் இருந்தார். ஒருநாள் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "எங்க அண்ணே விழுந்தீங்க?" என்றேன். "எங்கயும் விழல. யாரும் அடிக்கவும் இல்ல. இருமுனேன். உள்ளார சுள்ளி ஒடிச்ச மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு" என்றார்.

டிரெசர் சிரித்தார். சளி, யூகலிப்டஸ் தைலம் தேய்த்து அனுப்பு என்றார். நான் அண்ணனை உட்கார வைத்து, வலிக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, மெதுவாக மூச்சு இழுக்கச் சொன்னேன். என் கைக்கடியில் எலும்பு எலும்போடு உரசியது. ஈர மணலை நசுக்குவது போல ஒரு நறநறப்பு. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். இருமலுக்கு ஒடிகிற விலா! வகுப்பில் பேராசிரியர் இதைச் சொன்னபோது, யாரோ எழுபது வயது வெள்ளைக்காரக் கிழவிக்கு வருகிற சங்கதி என்று நாங்கள் பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம். இவருக்கு முப்பத்திரண்டு வயது.

டிரெசரையும் தொட்டுப் பார்க்க வைத்தேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அப்படியானால் புத்தகத்தில் எழுதுங்கள். இருமலால் விலா எலும்பு முறிவு. காரணம், எலும்பு பலவீனம் என்று. இது ஒன்று எழுதினால் அஞ்சலை அக்கா விஷயத்தில் நான் கிராணியோடு பேச ஆதாரம் கிடைக்கும்" என்றேன். அவர் பேனாவை எடுத்தார், மூடினார், சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"இருமி எலும்பு ஒடஞ்சுதுன்னு நான் எழுதினேன்னு வச்சுக்க, கிராணி உன்னையும் என்னையும் ஒரே வண்டியில ஏத்தி தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாரு."

பால், முட்டை, வெயில்

டிரெசர் எழுத மாட்டேன் என்றால் நான் பேசுவேன். ஓய்வு நாளில் லயத்துப் பெண்களையெல்லாம் தண்ணீர்க் குழாயடியில் உட்கார வைத்து, எலும்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். எலும்பு ஒரு தடவை வளர்ந்ததும் அப்படியே நிற்கிற கம்பம் கிடையாது. தினமும் கொஞ்சம் கரையும், தினமும் கொஞ்சம் கட்டப்படும். கட்டுவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நமக்குச் சாப்பாட்டில் அது வராவிட்டால், உடம்பு சும்மா இருக்காது. எலும்பிலிருந்து உருவி எடுக்கும். வயிற்றிலிருக்கிற பிள்ளை தன் பங்கை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்ளும், பால் குடிக்கிற பிள்ளையும் எடுத்துக்கொள்ளும். அடுத்தடுத்து ஐந்தாறு பெற்றவளுக்குத் திரும்பச் சேர நேரமே இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு கரைவது இன்னும் வேகமாகும். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அதனால், தினமும் ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை" என்று வகுப்பில் எழுதினதை அப்படியே ஒப்பித்தேன்.

அவ்வளவுதான். குழாயடியே சிரித்தது. ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாலாம் லா! ஆட்டுக்குட்டி மூஞ்சியக் கண்டே எத்தன நாளாச்சு!" நான் சளைக்கவில்லை. நெத்திலிக் கருவாட்டைத் தலையோடு முள்ளோடு தின்னுங்கள், முள்தான் மருந்து என்றேன். அது ஸ்டோரில் இருக்கிறது, ஸ்டோர் சாவி கிராணி இடுப்பில் இருக்கிறது என்றார்கள். மரவள்ளித் தளிர் இருக்கிறதே, பக்கத்து மலாய்க் கிராமத்தில் பெண்கள் பூச்சோக் ஊபி என்று நன்றாக வேக வைத்துத் தின்கிறார்கள், கிழங்கில் இல்லாதது அதில் இருக்கிறது என்றேன். அது ஆடு தின்கிற தழையாயிற்றே என்று முகத்தைச் சுளித்தார்கள். தோண்டுவது பூராவும் கிழங்கு, தூக்கி எறிவது பூராவும் சத்து! நெஞ்சில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுறமே, அது பத்தாதா?" என்று ஒருத்தர் மடக்கினார். நல்ல கேள்வி. கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், ஆனால் பாதியைத் துப்பிவிடுகிறீர்களே என்று சமாளித்தேன். கடைசியாக ஒரு குறிப்பு பாக்கி இருந்தது. வாய் சும்மா இராமல் அதையும் சொல்லிவிட்டேன்: "தினமும் உடம்பில் கொஞ்ச நேரம் வெயில் படணும்." நாள் பூராவும் பொட்டலில் கிழங்கு தோண்டுகிறவர்களிடம் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்த கருப்பாயி அக்கா, கறுத்துக் காய்ந்த தன் முழங்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அது நெறையக் கெடைக்குது டாக்டரம்மா. வெயில மட்டுந்தான் இன்னும் ஜப்பான்காரன் பங்கு போட்டுக் குடுக்கல."

எட்டாத வெட்டு

அதே கருப்பாயி அக்காவைப் பற்றித்தான் இதுவும். சண்டைக்கு முன்னால் அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். பத்து வருடம் ஒரே வரிசை மரம். ஜப்பான்காரனுக்கு ரப்பர் வேண்டாமாம். பாதி மரங்களைச் சாய்த்துக் கிழங்கு நட்டாயிற்று. மீதி மரங்கள் காட்டோடு காடாக நின்றன. கிழங்குச் சாக்கைத் தூக்கும்போது முதுகில் ஏதோ "சொடக்"கென்றது, அதிலிருந்து நிமிர முடியவில்லை என்று அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதுகைத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு முடிச்சு துருத்திக்கொண்டிருந்தது. படம் எடுக்கிற யந்திரம் எங்களிடம் ஏது? முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருக்க வேண்டும் என்று சொன்னேன். டிரெசர் வழக்கம் போல, "வாயு" என்றார்.

நிரூபிக்காமல் நான் விடுவேனா? "அக்கா, நீங்கள் முன்னைக்குக் குள்ளமாகிவிட்டீர்களா?" என்று கேட்டேன். "ஆளு எப்புடி டாக்டரம்மா குள்ளமாவும்?" என்று சிரித்தார். அளந்து வைத்த கணக்கு யாரிடமும் இல்லை. பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய பழைய வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேல் வெட்டு என்று ஒன்று உண்டு. மரத்தின் உயரத்தில், கையைத் தூக்கி எட்டி வெட்டுகிற வெட்டு. அதன் தழும்பு மரத்தில் அப்படியே இருந்தது. "இதை எப்படி வெட்டுவீர்கள்? காட்டுங்கள்" என்றேன். அக்கா வெட்டுக்கத்தி பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கினார். எட்டவில்லை. நுனிக்காலில் நின்றார். நாலு விரற்கடை மிச்சம் இருந்தது. அடுத்த மரத்துக்குப் போனார், அதற்கடுத்த மரத்துக்குப் போனார். பத்து வருடம் தினமும் தொட்ட தழும்பு ஒன்றைக்கூட அவர் விரல் தொடவில்லை.

மரத்தின் பட்டையில் போட்ட தழும்பு மேலே ஏறாது. மரம் உச்சியில்தான் வளரும். இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அக்கா மரத்தைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"போன மாசம் வெறகு பொறுக்க வந்தப்பவே பாத்தேன். மரந்தான் வளந்துருச்சுன்னு நெனச்சேன்."

நான் எழுதிக் கொடுத்தது

இனி நான் செய்த முட்டாள்தனம். மூன்று ராத்திரி தூங்காமல் யோசித்து ஒரு பட்டியல் தயாரித்தேன். இனிமேல் சின்ன அடிபட்டாலே எலும்பு ஒடியக்கூடியவர்கள் யார் யார்? ஏற்கெனவே லேசாக விழுந்து ஒடித்துக்கொண்டவர், உயரம் குறைந்தவர், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர், மாதவிலக்கு நின்றவர், எலும்பும் தோலுமாய் இளைத்தவர். இதில் இரண்டு மூன்று பொருந்துகிற பெண்கள் பதினொரு பேர். முதல் பெயர் அஞ்சலை அக்கா. அவர் ஒடித்துக்கொண்டது கவனக்குறைவால் இல்லை, பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். எல்லாருக்கும் சேர்த்து: சாக்கைத் தனியாளாகத் தூக்கக் கூடாது, விடிந்த பிறகுதான் பெரட்டு, ஸ்டோரிலிருந்து நெத்திலி. டிரெசரைத் துரத்தித் துரத்திக் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் வாங்கினேன். இரண்டு பிரதி. ஒன்றைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு, ஜெயித்துவிட்டேன் என்று நடந்து வந்தேன்.

மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள். கருப்பாயி அக்கா பெயர் வரவில்லை. அடுத்தவர் பெயர் வரவில்லை. பத்துப் பேர் பெயரும் வரவில்லை. அஞ்சலை அக்கா பெயர் முன்பே இல்லை. உடல் தகுதியற்றவர்கள், அரிசி கிடையாது என்று கிராணி புத்தகத்தில் எழுதியிருந்தார். என் பட்டியலில் இருந்த வரிசைப்படியே, என் எழுத்தைப் பார்த்துப் பார்த்தே, அடித்திருந்தார். ஒருத்தர் சோற்றை மீட்கப் போய்ப் பத்துக் குடும்பத்துச் சோற்றைப் பறித்துக் கொடுத்துவிட்டு நின்றேன். ஆபீஸ் மேசையில் இரண்டு கையாலும் அடித்து, "எதற்காக எழுதினேன், நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கத்தினேன். கிராணி கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீதான தங்கச்சி எழுதிக் குடுத்த, இவங்க எல்லாம் ஒடையப் போறவங்கன்னு? ஒடையப் போற சட்டியில யாராச்சும் ஒல வைப்பாங்களா?"

யாருடைய காகிதம்

மிச்சமிருந்த பிரதியோடு மன்னிப்புக் கேட்க லயத்துக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு தடவை பாதி வழியில் நின்றேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வாசல்களில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழாயடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள்தான் முதலில் ஆரம்பித்தாள். "வாங்க வாங்க. சும்மா கெடந்த எலும்ப எண்ணி எழுதி எங்க அரிசியப் புடுங்கிக் குடுத்துட்டீங்க. அடுத்து பல்ல எண்ணப் போறீங்களா?" நின்ற இடத்திலேயே அழுதேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அஞ்சலை அக்கா மட்டும் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "கையில இன்னொரு காயிதம் வச்சிருக்கியே, அதப் படி" என்றார். அதுவரைக்கும் "டாக்டரம்மா" என்று கூப்பிட்டவர். படித்தேன். பெயர்களை வேகமாகத் தாண்டப் பார்த்தேன். நிதானமாகப் படிக்கச் சொன்னார். முடித்ததும் கேட்டார். "சாக்கத் தனியாத் தூக்கக் கூடாதுன்னு இருக்கா?" இருக்கிறது. "வெளிச்சம் வராம வேலைக்கு வரக் கூடாதுன்னு?" இருக்கிறது. "டிரெசர் கையெழுத்து?" அதுவும் இருக்கிறது, ஆஸ்பத்திரி முத்திரையும் இருக்கிறது. அக்கா மற்றக் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்ப இது நம்ம காயிதம் லா. கிராணி அவசரப்பட்டுப் பேர மட்டும் படிச்சிருக்காரு."

கிராணி லயத்துக்கு வந்த நாள்

இரண்டு வாரம் போனது. அந்த இரண்டு வாரம் அந்தப் பதினொரு வீடுகளிலும் ஆடு தின்கிற தழைதான் வெந்தது, பக்கத்து வீட்டுக் கிழங்குத் துண்டோடு. பிரசங்கம் செய்து என்னால் தின்ன வைக்க முடியாததை என் தப்பு தின்ன வைத்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரம் ஈப்போவிலிருந்து துவான் என்கிற ஜப்பான் துரையின் லாரி கிழங்கு ஏற்ற வருவதாகச் செய்தி வந்தது. தோண்டுவதற்கு ஆள் எங்கே? வலுவான ஆண்களெல்லாம் சயாமில். மிச்சமிருந்தவர்களில் கிழங்கு முறியாமல் தோண்டத் தெரிந்தவர்கள் இந்தப் பத்துப் பேர்தான். கிராணி சட்டையெல்லாம் வேர்வையாக லயத்துக்கே வந்தார். "நாளைக்கு ஒருநாள் வாங்கம்மா, பேரெல்லாம் பிறகு பாத்துக்கலாம்" என்றார். கருப்பாயி அக்கா வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. "வரலாமுங்க. ஆனா முதுகு ஒடையும்னு டிரெசரு முத்திரை குத்திக் குடுத்துருக்காரே. ஆஸ்பத்திரி உத்தரவ மீறலாமா?" இடுப்பைப் பிடித்துச் சிரிக்கிறவள், "எனக்கு இடுப்பாம் ஐயா. தும்மக்கூடப் பயமா இருக்கு" என்றாள். பதினொரு பேரும் ஆளுக்கொரு எலும்பைச் சொன்னார்கள். "துவான்கிட்டச் சொல்லிருவேன்" என்று கிராணி குரலை உயர்த்தினார். "சொல்லுங்க," என்றார் அஞ்சலை அக்கா. "லாரி ஏன் காலியாப் போவுதுன்னு கேப்பான். பத்துப் பேர நீங்கதான் வெட்டுனீங்கன்னு அதையும் சேத்துச் சொல்லுங்க."

கிராணி புத்தகத்தை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். பத்துப் பெயரும் ஏறின. ஒரு சாக்குக்கு இரண்டு பேர். பெரட்டு விடிந்த பிறகு. டோக்கியோவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கை கூடுகிற வரைக்கும் அஞ்சலை அக்காவுக்கு வற்றல் காய வைக்கிற வேலை. நெத்திலி மட்டும் வாரம் ஒரு பிடிக்கு மேல் பெயரவில்லை. கடைசியாக அக்காவின் பழைய வரிக்கு வந்தார். "கவனக்குறைவு" என்பதை அடித்துவிட்டு, காரணம் என்று போட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். நான் விடுவேனா? "சுண்ணாம்புச் சத்துக் குறைவினாலும், அடுத்தடுத்த பிரசவங்களினாலும்..." என்று ஆரம்பித்தேன். "சுருக்கமா, தங்கச்சி" என்றார். "பசின்னு போடுங்க" என்றார் அஞ்சலை அக்கா. கிராணி பேனாவை எடுத்துவிட்டார். "அத எழுதினா துவான் என் தலைய எடுத்துருவான்மா."

சண்டை முடிந்து படிப்புக்குத் திரும்பி, எலும்பு ஏன் ஒடிகிறது என்று பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்குகிற எனக்கு, கிராணியின் அந்தப் புத்தகத்தில் இன்றைக்கும் காலியாகவே கிடக்கிற ஒரு கட்டத்துக்கு மேல் எழுதத் தெரியாது; ஏனென்றால் அஞ்சலை அக்கா கிராணிக்குக் கடைசியாகச் சொன்ன பதில் இதுதான்: "அப்ப அந்த எடத்த ஒண்ணும் எழுதாம வுட்டுருங்க ஐயா, எங்க வயிறு மாதிரியே இருக்கட்டும்."